பிரேமலதா டீச்சரின் மாங்காய் மண்டி

பிரேமலதா டீச்சருக்குக் கணக்கு என்றாலே ஆகாது. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது வேறு விஷயம். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆள்தான் என்று ஆன பிறகு, பிடித்தது பிடிக்காதது பார்த்தால் பிழைப்பு ஓடுமா? வாய்ப்பாட்டை ஒரு பிள்ளை கத்த, மற்றவை திருப்பிக் கத்த, அவள் நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போடுவாள். கத்துகிற பிள்ளைக்கும் தூக்கம், கேட்கிற டீச்சருக்கும் தூக்கம். ஒரு வகையில் நியாயமான ஏற்பாடுதான்.

வீடு ஆந்திராவில், புத்தூரில். வேலை பார்க்கிற அரசு தமிழ்ப் பள்ளிக்கூடம் பாலசமுத்திரம் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லை ஓரத்து ஊர் ஒன்றில். இரண்டு பஸ் மாறி, கடைசி ஒன்றரை கிலோமீட்டர் நடந்து போகவேண்டும். நாட்டில் எந்த மூலையில் எலும்பு முறிந்தாலும் தூக்கிக்கொண்டு வருகிற புத்தூரில் இருந்துகொண்டு முழங்கால் வலியோடு நொண்டுகிறாயே என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்வார்கள். முறிந்ததற்குத்தான் அங்கே கட்டுப் போடுவார்கள், தேய்ந்துபோனதற்கு யார் கட்டுப் போடுவது என்று அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். கணவனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிதாக வந்த கார்க் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து, துவைக்கவேண்டிய துணியை வைத்துவிட்டுப் போவார். ஒரே மகள் ஸ்வாதி திருப்பதியில், இன்டர் முதல் வருடம், அதாவது பதினொன்றாம் வகுப்பு. ஹாஸ்டலோடு சேர்ந்த பெரிய காலேஜ். காலை ஐந்து மணிக்கு எழுப்பி உட்காரவைத்து கணக்குப் போடவைப்பார்கள்.

இரண்டாயிரத்து இரண்டு, ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்தபோது இருபத்தொரு பிள்ளைகள். நான்கு வருடம் முன்னால் அறுபது இருந்தார்கள். பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலைக்கும் திருச்சானூர் லாட்ஜுகளில் துணி வெளுக்கவும் போன பெற்றவர்களோடு போய்விட்டார்கள். மிச்சப் பாதியை, தினம் காலை எட்டேகாலுக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்து நிற்கிற மஞ்சள் வேன் ஏற்றிக்கொண்டு போனது. வேன் ஒரு இங்கிலீஷ் கான்வென்ட்டுடையது. இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு, பிள்ளையை அந்த வேனில் ஏற்றுவது கிட்டத்தட்ட நிலம் வாங்குவது மாதிரி.

ஜூன் கூட்டத்தில் எம்.ஈ.ஓ. நாகபூஷணம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர்தான் மண்டலத்துப் பள்ளிகளுக்கெல்லாம் கல்வி அதிகாரி. செப்டம்பர் முப்பதாம் தேதி தலை எண்ணுவார்கள். பதினைந்துக்கு ஒன்று குறைந்தாலும் பள்ளியை மூடி, மூன்று கிலோமீட்டர் தள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெலுங்குப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். டீச்சரை எங்கே காலி இருக்கிறதோ அங்கே தூக்கிப் போடுவார்கள்.

பிரேமலதாவுக்கு இரண்டு கவலை. பிள்ளைகள் தெலுங்கில் முதலிலிருந்து எழுத்துக் கற்கவேண்டுமே என்ற கவலை உண்மை. மதனப்பள்ளிப் பக்கம் தூக்கிப் போட்டால் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கவலையும் உண்மை. எது பெரிய கவலை என்று அவளைக் கேட்டால் சொல்லமாட்டாள். நாமும் கேட்காமல் விடுவதுதான் மரியாதை.

ஜூன் என்றால் மாங்காய்க் காலம். சித்தூரிலிருந்து மாம்பழக்கூழ் ஃபாக்டரிகளின் லாரிகள் ஊர் ஊராக அலையும். பள்ளி திறந்து நாலாம் நாள் வகுப்பில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் மண்டியில். பிள்ளைகளை இழுத்து வர அவளே நடந்தாள். காய்கள் மலையாகக் குவிந்திருந்த கொட்டகையின் ஓரத்தில் நாலாம் வகுப்பு கல்பனா நின்றுகொண்டிருந்தாள். சுமைதூக்கும் கங்கையாவின் மகள். வகுப்பில் ஏழும் எட்டும் எத்தனை என்று கேட்டால் கூரையைப் பார்க்கிற பெண்.

அந்தப் பெண் இடது கையில் மூன்று காய், வலது கையில் இரண்டு காய் எடுத்துக் கூடையில் போட்டாள். அது ஒரு கை. முதல் கைக்கு ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று ஆரம்பித்து, ரெண்டு, மூணு என்று போய், இருபதாவது கையில் நூறு என்று கத்தினாள். நூறு முடிந்ததும் கொசுறாக இன்னொரு கை போட்டாள். வியாபாரிக்கு நூற்றுக்கு ஐந்து கொசுறு என்பது அங்கே எழுதாத சட்டம். பிறகு ஒரு காயைத் தனியாகத் தரையில் வைத்தாள், எத்தனை நூறு ஆனது என்பதற்கு அடையாளமாக. கண்ணால் தொடர முடியாத வேகம். நடுவில் ஈயை விரட்டினாள், அவள் நைனாவுக்கு பதில் சொன்னாள், எண்ணிக்கை மட்டும் தவறவில்லை.

பிரேமலதாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் என்னை முட்டாளாக்கினாயா என்று அந்தக் குழந்தை மேல் கோபம். பஸ்ஸில் திரும்பும்போதுதான் யார் யாரை முட்டாளாக்கியது என்று யோசித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வரும்போது ஒரு பை நிறைய புளியங்கொட்டை கொண்டுவந்தாள். வாய்ப்பாட்டுச் சார்ட்டைச் சுருட்டி மூலையில் வைத்தாள்.

"இன்னிக்கு இஸ்கூல் இல்ல. இது மண்டி," என்றாள்.

பிள்ளைகள் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். டீச்சருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று அஞ்சாம் வகுப்புக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் கல்பனா எழுந்து வந்து, கொட்டையைத் தரையில் கொட்டி, "டீச்சர், கொட்டய கையி போட முடியாது, சின்னதா கீது. கல்லு பொறுக்கினு வரட்டா?" என்று கேட்டாள். அதோடு பிடித்துக்கொண்டது.

ஒன்றாம் வகுப்பு கல் பொறுக்கியது. இரண்டாம் வகுப்பு ஐந்தைந்தாகக் கை போட்டது. மூன்றாம் வகுப்பு கைகளை நூறாக்கியது. நாலாம் வகுப்பு கூடைகளை லாரியில் ஏற்றியது. லாரி என்பது கால் உடைந்த பெஞ்சு. அஞ்சாம் வகுப்பு லாரிச் சீட்டு எழுதியது, அழுகல் கழித்தது, சித்தூருக்கும் திருப்பதிக்கும் பங்கு பிரித்தது. ஐந்து வகுப்பை ஒரு அறையில் வைத்து மேய்க்கிற தலைவலியே அதனால் பாதி குறைந்தது. சண்டை வரும். "ஏ, நீ கொசுறு போடல" என்று ஒருத்தி கத்துவாள். "போட்டுக்கினுதான் கீறன், கண்ணு தெரியல?" என்று இன்னொருத்தி பாய்வாள். எண்ணிக் காட்டினால்தான் சண்டை தீரும். அதனால் எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

பிரேமலதாவுக்கு அலுப்புதான். தொண்டை கட்டியது, குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. வீட்டுக்கு வந்தால் சோறு வடிக்கக்கூடக் கை எழாது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாளைக்கு வகுத்தலுக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பதைத் தன்னிடமே கண்டுபிடித்தபோது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நாற்பத்தைந்து வயதில் கணக்கு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. யாரிடம் சொல்வது?

ஜூலையில் ஒரு பிள்ளைகூட வேனுக்குப் போகவில்லை. நான்கு வருடத்தில் முதல்முறை. மழை நாளில்கூடத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பள்ளி தப்பித்துவிட்டது என்று அவள் நம்பினாள்.

ஆகஸ்டில் நாகபூஷணம் சார் ஆய்வுக்கு வந்தார். பெற்றவர்கள் கூட்டமும் அன்றே. கங்கையா உட்படப் பதினைந்து இருபது பேர் ஓரமாக நின்றார்கள். சார் நல்லவர்தான். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், பிள்ளைகளை அதட்டமாட்டார். பலகையைப் பார்க்காமல் பொதுவாக ஒரு கேள்வி போட்டார்.

"ஒரு கூடையில நூறு மாங்காய். நாலு கூடையில எத்தனை?"

வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது: "நானூத்தி இருபது."

சார் பிரேமலதாவைப் பார்த்தார். இருபத்தொரு பிள்ளையும் சேர்ந்து ஒரே தப்பைச் சொன்னால் அது பிள்ளைகளின் தப்பு இல்லை, டீச்சரின் தப்பு என்று எழுத எந்த அதிகாரிக்கும் அரை நிமிடம் போதும். அவர் பேனாவை எடுத்தார். அப்போது கல்பனா எழுந்தாள்.

"சார், நீங்க கொசுறு இல்லாத கேக்கறீங்களா?"

"கொசுறா?"

"நூத்துக்கு ஒரு கை கொசுறு சார். கொசுறு வோணான்னா நானூறு."

சார் பேனாவை மூடினார். அவருடைய அப்பாவும் மாந்தோப்புக்காரரோ என்னவோ, முகம் மலர்ந்துவிட்டது. "சரிம்மா. முப்பத்தேழு கூடைன்னா?"

கல்பனா விரலை மடக்கவில்லை. கையைக் காற்றில் இரண்டு மூன்று முறை வீசினாள், அவ்வளவுதான். "மூவாயிரத்து எழுநூறு. கொசுறு முப்பத்தேழு கை. இருபது கைக்கு நூறு, மிச்சம் பதினேழு கைக்கு எம்பத்தஞ்சு. மொத்தம் நூத்தி எம்பத்தஞ்சு சார்."

அவர் ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். பிறகு பெற்றவர்கள் பக்கம் திரும்பி, "இது எவருடைய பாப்பா?" என்று கேட்டார். கங்கையா துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான். சார் அவன் தோளில் கை வைத்தார். அந்தத் தோளில் ஒரு அதிகாரி கை வைத்தது அதுவே முதல்முறையாக இருக்கவேண்டும்.

"மஞ்சி தலகாய், நல்ல மூளை. இந்த மாதிரி பிள்ளையை மஞ்சி ஸ்கூல்ல போடுங்க. வேஸ்ட் பண்ணிடாதீங்க," என்றார். எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து, "அந்தரூ பாகா செப்பாரு, எல்லாரும் நல்லா சொன்னீங்க," என்று ஒரு பொதுப் பாராட்டும் போட்டார். பதிவேட்டில் "மிக நன்று" என்று எழுதிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பிரேமலதா அந்தப் பக்கத்தை நாலு முறை படித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு விழுந்த முதல் மிக நன்று. அந்த மனிதர் வாயால் செய்துவிட்டுப் போன காரியம் அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுவாரமே முதல் ஆள் வந்தான். பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறதாம், அதிகாரியே சொல்லிவிட்டாராம், இனியும் இங்கே வைத்திருந்தால் பாவமாம், அதனால் டி.சி. வேண்டுமாம். பிறகு இன்னொருத்தி. மக்குப் பிள்ளை என்று நினைத்திருந்தவரை கவர்மென்ட் இஸ்கூல் போதும் என்று இருந்தவர்கள், பிள்ளைக்கு மூளை இருக்கிறது என்று தெரிந்ததும் கடன் வாங்கியாவது வேனில் ஏற்றத் துணிந்தார்கள். பள்ளியை அவள் எவ்வளவு நன்றாக நடத்தினாளோ அவ்வளவு வேகமாக அது காலியாயிற்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் டி.சி. எழுதினாள். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் எண்ணினால் சரியாகப் பதினைந்து.

பதினைந்தாவது ஆளாக நின்றது கல்பனாதான். பாராட்டு அவளுக்கு, ஓடியது மற்றவர்கள். கங்கையாவுக்கு உடனே கையில் காசு புரளவில்லை, அவ்வளவுதான். அவன் அப்பன் பிறத்தியார் நிலத்தில் மாடு மேய்த்தவன். இவன் தலையெடுத்துத்தான் முக்கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நிலக்கடலை போட்டிருந்தான்.

செப்டம்பர் இருபதாம் தேதி, அந்தக் கடலை மேல் கடன் வாங்கிக்கொண்டு அவன் வந்து வாசலில் நின்றான்.

"டீச்சரம்மா, பாப்பாக்கு டி.சி. குடுங்க. கான்வென்ட்ல இந்த மாசம் இருபத்தேழு வரைக்கும்தான் சேத்துக்குவாங்களாம். அப்பால அடுத்த வருசம்தானாம்."

பிரேமலதா பள்ளிச் சீல் இருந்த மேசை இழுப்பறையை உள்ளே தள்ளி மூடினாள். "சீல் மண்டல ஆபீஸ்ல இருக்குது கங்கையா. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். மூணாந்தேதி வா."

"மூணுன்னா நாள் போயிடுமேம்மா."

"நான் என்ன பண்ணட்டும்?"

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். டீச்சரம்மா பொய் சொல்வாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அவளை அறுத்தது. அன்று பிள்ளைகள் மண்டி விளையாட்டில் சண்டை பிடித்தபோது அவள் தலையிடவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பத்து நாள், பத்தே நாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்கு, மகளைப் பார்க்கப் போனாள். காலேஜ் வாசலில் பெற்றவர்கள் வரிசை. ஒரு மணி நேரம்தான் அனுமதி. காம்பவுண்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம் சாதத்தைப் பிரித்தாள். ஸ்வாதி மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"அம்மா, கணக்குன்னாலே பயமா இருக்குதுமா. வாராவாரம் டெஸ்ட். மார்க் குறைஞ்சா பின் பெஞ்சுக்குப் போடறாங்க. நான் புத்தூர் கவர்மென்ட் காலேஜ்லயே படிக்கறேனே."

பிரேமலதாவுக்கு வாய் வரை வந்துவிட்டது. கல்லைக் கொடுத்து, கை போடச் சொல்லி, சண்டை போடவைத்து, இந்தப் பெண்ணுக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஸ்வாதி சின்னவளாக இருந்தபோது பிரேமலதாவுக்கே தெரியாதே. இப்போது தெரியும். தெரிந்தும் என்ன சொன்னாள்?

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோடி. இந்த மாதிரி காலேஜ் கிடைக்கறதே பெரிசு. எத்தனை பேர் வெளிய நிக்கறாங்க தெரியுமா?"

ஸ்வாதி சாதத்தை வேகமாகத் தின்றுவிட்டுக் கையைக் கழுவினாள். மணி அடித்ததும் உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

ரேணிகுண்டா வழியாக வருகிற பாசஞ்சரில் பிரேமலதா நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. கவர்மென்ட் பள்ளியே போதும் என்று கங்கையாவுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தாள். தன் பெண்ணை ஒன்றாம் வகுப்பிலிருந்தே கான்வென்ட்டுக்கு அனுப்பியவள் அவள். கங்கையா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவன் பெண்ணுக்கு ஒரு வருடம் போனால் போகட்டும், எனக்கு வேலை இடம் மாறக்கூடாது என்பதுதானே அந்தச் சீல் கதை? அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கடலை மண்டிக்கு ஆள் அனுப்பினாள். கங்கையா தலைச்சுமைத் துணியோடு ஓடி வந்தான்.

"சீல் வந்துடுச்சு," என்றாள். மேசை இழுப்பறையைத் திறந்து, அவன் கண் முன்னாலேயே சீலை எடுத்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நினைத்தாள். அவன் பார்த்தானா என்பது தெரியவில்லை.

டி.சி. எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. அவள் அரை மணி நேரம் எழுதினாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி. பிள்ளைகள் அறை நடுவில் லாரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்பனா கொசுறுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், கடைசி நாள் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பிரேமலதா கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, பதிவேட்டில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்தாள். பதினான்கு.

கங்கையா தாளை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல், ஈரக்கை படாமல் துணிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மேலிருந்து கீழே வரை ஒருமுறை பார்த்தான்.

"எல்லாம் உங்களாலதாம்மா. நீங்க இல்லன்னா எம் பொண்ணுக்கு தலயில இருக்கறது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றான்.

"சரி, போய்ட்டு வா. நாளைக்கே சேத்துடு."

அவன் போகாமல் நின்றான். கேட்க வந்ததை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு காலை மாற்றி நின்றான்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சரம்மா. அங்க எல்லாம் இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. பாப்பாக்கு கணக்கு புரியலன்னா, சாயந்தரம் வேன்ல இருந்து எறங்கி நேரா உங்கக்கிட்ட வந்து குந்திக்கட்டா? நீங்க பஸ்ஸுக்குப் போற வரைக்கும். நீங்க கீறீங்கன்ற தைரியத்துலதான் சேக்கறேன்."

பிரேமலதா பதிவேட்டை மூடினாள். இந்தத் தாளோடு பள்ளி மூடப்போகிறது என்பது இவனுக்குத் தெரியாது. தெரிந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பான், அப்படிப்பட்ட ஆள்தான். சொல்ல ஒரு வாக்கியம் போதும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் இங்க இருக்கமாட்டேன் கங்கையா," என்றாள். "எனக்கு மாத்தல் வந்துடுச்சு."

"ஐயையோ. எப்பம்மா வந்துச்சு?"

"இப்பதான்," என்றாள் பிரேமலதா.